ஒழுகாத கூரை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். நான் நலம். என் பல் அத்தனையும் நலம். நீ பல் செட் செய்யும் கிளினிக்கில் எல்லாரும் சுகமா? அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கடிதம் ஏன் கிளினிக் முகவரிக்கு வருகிறது என்று யோசிப்பாய். வீட்டுக்கு வருவதை அப்பாதான் பிரிப்பார். பிரித்ததும் தெருவுக்கே வாசித்துக் காட்டுவார். தெருமுனைக் கடை போனில் கூப்பிட்டால் அவருடைய காதுக்குக் கேட்கும்படி நான் கத்த வேண்டும், கடைக்கு வந்த ஆட்கள் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

என் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்களே, அதன் கதையை நேற்று முழுசாகப் படித்துக் காட்டினார்கள். முதல் காட்சியே நம் வீடு. கொட்டும் மழை, கூரை ஒழுகுகிறது, நீ பாத்திரம் பாத்திரமாக வைத்துத் தண்ணீர் பிடிக்கிறாய். அப்பா மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்து, கூரையிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டையும் குத்துகிறேன். அப்படித்தான் எனக்குக் குத்துச்சண்டை வந்ததாம். அறையில் இருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பா போட்ட கூரை ஒழுகுகிறதாம்! பிறகு அப்பா இதைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது. வாழ்நாள் முழுக்க ஊராருக்குக் கூரை போட்ட மனுஷர். கற்பனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

கதாநாயகிப் பெண்ணின் பல் அச்சை இத்துடன் அனுப்புகிறேன். எனக்குச் செய்து தருவாயே, அதே மாதிரி ஒரு பல் கவசம் செய்து அனுப்பு. நல்ல பெண். குத்தும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள், அதுதான் தொல்லை.

உன்,
வாண்டு

பிப்ரவரி 14

என் அருமை வாண்டுக்கு,

பல்லக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முட்டி மேகம் கறுத்தால் மட்டும் முனகுகிறது. மாஸ்டர் விட்டுப்போன உன் குத்துச்சண்டைக் கூடத்துப் பெண்கள் தினமும் பயிற்சிக்கு வருகிறார்கள், நீ இல்லாததால் கொஞ்சம் குஷியாகவே இருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நோயாளியின் பல் செட்டைத் தலைகீழாக வைத்து ராவிவிட்டேன். அவ்வளவு கோபம். நம் கூரையா ஒழுகியது? மழை பிடித்தால் எதிர் வீட்டுக்காரர் குடும்பத்தோடு நம் வீட்டில் வந்து படுத்தது மறந்துவிட்டதா? இடமில்லாமல் நீயும் நானும் மேஜைக்கு அடியில் தூங்கினோம். பாத்திரம் வைத்துப் பிடிக்க நம் வீட்டில் அத்தனை பாத்திரம்தான் ஏது?

அந்த இயக்குநரிடம் பேசு. ரிங்கில் அவ்வளவு பெரிய பெண்களைச் சாய்த்தவள், கண்ணாடி போட்ட ஒரு மனுஷரிடம் வாயைத் திறக்க மாட்டாயா? அப்பா தினமும் "படத்துல நம்ம வீட்டைக் காட்டுறாங்களாமே" என்று போகிற வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார். 

பல் கவசம் இத்துடன் இருக்கிறது. கண்ணைத் திறந்து வைக்க ஒன்றும் செய்து தர முடியாது, அது உன் பாடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

சுகம். உன் சுகமும் அப்பா சுகமும் எழுது.

பேசினேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, "மேடம், கஷ்டம்னா அது கண்ணுக்குத் தெரியணும். ஒழுகாத கூரையைக் காட்டினா, ஏதோ வசதியான வீட்டுப் பொண்ணு போலிருக்கேன்னு ஜனம் நினைச்சுக்கும்" என்றார். அப்பாவின் தொழிலைச் சொன்னேன். "அட, அப்படின்னா இன்னும் உருக்கமா இருக்குமே! ஊருக்கே கூரை போடுறவர், சொந்தக் கூரை ஒழுகுது" என்று கையைத் தட்டினார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

நம் உண்மையான கஷ்டம் எதையாவது எழுதி அனுப்பு. அதைக் கொடுத்து இதைப் பிடுங்கப் பார்க்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மாஸ்டர் என்னைக் கண்டுபிடித்த காட்சியை நேற்று எடுத்தார்கள். ஷூவைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டானே ஒரு தடியன், அவனை நான் தெருவில் போட்டு மொத்துகிறேன். கூடத்து வாசலில் மாஸ்டர் நின்று பார்க்கிறார். "நாளைக்கு வா" என்கிறார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நடந்தது நடந்தபடி. மாஸ்டர் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். நான் அழுதுவிட்டேன் அக்கா. என்னை யாரும் சிபாரிசு பண்ணவில்லை, யாரும் கைபிடித்துக் கொண்டுபோய் விடவில்லை. என் கையைப் பார்த்து அவராகக் கூப்பிட்டார். எத்தனையோ தோல்விக்குப் பிறகு அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மறுபடி கையுறை மாட்டியிருக்கிறேன். அது படத்தில் இருக்கிறவரை மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

உன்,
வாண்டு

மார்ச் 13

என் அருமை வாண்டுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ இளைத்திருக்கிறாய் என்று பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து அப்பா சொல்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

கஷ்டம் கேட்டாய். மழை மாதங்களில் யாரும் கூரையைப் பிரிக்க மாட்டார்கள், அப்பாவுக்கு வேலை இருக்காது, நமக்கு அரை வயிறு. இதை எப்படிக் காட்டுவார்களோ தெரியாது. ஷூ கதையைச் சொல்லேன். எனக்குக் காலைப் பள்ளி, உனக்கு மத்தியானப் பள்ளி, இருவருக்கும் ஒரே ஜோடி ஷூ. தெருமுனையில் நான் கழற்ற நீ மாட்டிக்கொண்டு ஓடுவாய். உனக்கு அது பெரிசு, முனையில் துணி அடைத்திருப்போம். அந்தப் படகுகளைப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகியதால்தான் உனக்குக் காலில் அவ்வளவு வேகம் என்று இன்றும் நினைக்கிறேன். நீ அந்தத் தடியனை அடித்ததும் உன் ஷூவுக்காக மட்டும் இல்லை, மறுநாள் காலை நான் எதைப் போட்டுக்கொண்டு போவேன் என்றுதான்.

மாஸ்டர் காட்சி நன்றாக வந்ததில் சந்தோஷம். கூடத்துக் கூரை அப்போது புதுசாகப் போட்டிருந்தது. அது படத்தில் தெரிகிறதா? சும்மாதான் கேட்டேன்.

டாக்டர் கூப்பிடுகிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். கூடத்துக் கூரை தெரிகிறதா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. அதைப் போய் யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. ஷூ கதையைக் கேட்டதும் இயக்குநர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம் மேடம், ரெண்டுமே இருக்கட்டும்!" இப்போது ஷூவும் உண்டு, ஒழுகலும் உண்டு. ஸ்டூடியோ மைதானத்தில் நம் வீட்டை அப்படியே கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பி வளைந்திருப்பதுகூட அதே மாதிரி. கூரைக்குத் தகரம் போட்டு, அதில் துளைக்கும் மெஷினால் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது என் பல்லைத் துளைப்பது போலிருந்தது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று. அந்தக் காட்சி எடுக்கும் அன்று அப்பாவும் நானும் அந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி பத்திரிகைக்குப் போட்டோ வேண்டுமாம். தயாரிப்பாளர் ஆபீசிலிருந்து என்னைக் கேட்காமலே அப்பாவுக்கு அழைப்பு அனுப்பிவிட்டார்கள். முட்டிவலி, பஸ் இல்லை, எதையாவது சொல்லி நிறுத்து. அவர் இங்கே வரக் கூடாது.

உன்,
வாண்டு

ஏப்ரல் 3

வாண்டு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. அப்பா காலை பஸ்ஸுக்கே போய்விட்டார். புதுச் சட்டை, மாற்றுத் துணி, அதோடு வேலைப் பை. "அது எதுக்குப்பா?" என்றேன். "பொண்ணு வேலை செய்யுற இடத்துக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார்.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். எந்தப் படம், எந்தத் தளம் என்று கேட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள். இந்தக் கடிதம் அவருக்குப் பின்னால்தான் வந்து சேரும். அவரிடம் நீயே சொல்லிவிடு. படம் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்பது மேல்.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அப்பா சுகமாக வந்து சேர்ந்தாரா? போகும்போது என்னிடம் அதிகம் பேசவில்லை.

நான் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தார், சாப்பிட்டோம். முகம் முழுக்கச் சிரிப்பு. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். வெயில் ஏறுமுன் கூரை ஏறிப் பழகியவர் என்பதை மறந்துவிட்டேன். நான் எழுந்திருக்கும் முன்பே ஸ்டூடியோவுக்கு நடந்தே போய்விட்டார். வேலைப் பையைப் பார்த்துக் காவலாளி தச்சர் என்று நினைத்து உள்ளே விட்டிருக்கிறார்.

நான் போனபோது எல்லாம் தயார். கதாநாயகி முஷ்டியை உயர்த்தி, அதிசயமாகக் கண்ணையும் திறந்து வைத்து நிற்கிறாள். மேலே குழாய்களில் மழையைத் திறந்துவிட்டார்கள். தகரத்தில் அடிக்கும் சத்தம் காதைப் பிளக்கிறது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. கேமரா ஓடுகிறது, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், தரை உலர்ந்து கிடக்கிறது. "கட்! தண்ணி எங்கய்யா?" என்று இயக்குநர் கத்தினார். மேலே ஏறியவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்: "சார், எல்லா ஓட்டையும் யாரோ அடைச்சிருக்காங்க சார்! ஒண்ணு விடாம!"

அப்பா ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரை வைத்துவிட்டு வந்தார். "நான்தான் தம்பி. உள்ள நின்னு அண்ணாந்து பார்த்தேன், வானம் தெரியுது. யாரு போட்டது இந்தக் கூரையை? மழை ஷூட்டிங்னு வாசல்ல சொன்னாங்க. நனைஞ்சு அந்தப் பொண்ணுக்குச் சளி பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் அவரைத் தனியாகக் கூட்டிப் போய் விளக்கினார். நான் தூரத்தில் நின்று அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் வந்தார். "நம்ம வீடு ஒழுகிச்சுன்னு நீ சொன்னியாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். "அப்ப சரி" என்றார். இயக்குநர் சமாதானமாக, "ஐயா, உங்க பொண்ணு கஷ்டப்பட்டு வந்ததைக் காட்டத்தானே" என்று ஆரம்பித்தார். அப்பா, "ஒழுகினது மாஸ்டரோட கூடம் தம்பி, என் வீடு இல்ல" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. என்ன கூடம், எப்போது ஒழுகியது, நான் போன காலத்தில் அங்கே சொட்டு விழுந்து பார்த்ததே இல்லையே என்று பஸ் நிலையம் வரைக்கும் கேட்டேன். "அக்காகிட்ட கேளு" என்று பஸ் ஏறிவிட்டார். கேட்கிறேன். சொல்.

உன்,
வாண்டு

ஏப்ரல் 17

என் அருமை வாண்டுக்கு,

அப்பா பத்திரமாக வந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓட்டைகளை அடைத்த தார் சட்டையில் ஒட்டிவிட்டது, அது இனி போகாது. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லிடவா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் சொல்கிறேன்.

மாஸ்டரின் கூடம் சல்லடையாக ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. ரிங்குக்கு நடுவில் வாளி வைத்திருப்பார்கள். மாஸ்டரிடம் கூரை போட வசதி இல்லை. அப்பா தானே போய், பழைய தகரங்களைத் தேடிப் பிடித்து, முழுக் கூரையையும் போட்டுக் கொடுத்தார். உதவிக்குத் தகரம் தூக்கிக் கொடுத்தது நான். முடிந்ததும் மாஸ்டர், "உங்களுக்கு நான் என்ன தரட்டும்?" என்றார். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. தாயில்லாப் புள்ளைங்க. பெரியவ பொறுமைசாலி, பிழைச்சுக்குவா. சின்னவ எல்லாரையும் அடிக்கிறா. அடிக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்குமில்ல, அதைக் கத்துக்குடுங்க." பெண்பிள்ளையைச் சேர்த்ததில்லை என்று மாஸ்டர் தயங்கினார். அப்பா விடவில்லை. "சேர்த்துக்கோங்க. என்னைக்கு இந்தக் கூரை ஒழுகுதோ, அன்னைக்கு அவளை அனுப்பிடுங்க" என்றார்.

மறுநாள் மாஸ்டர் வாசலில் நின்றது உன்னைப் பார்க்கத்தான். "சாயங்காலம் இந்தப் பக்கமாத்தான் வருவா. யாரையாவது அடிக்காம அவ வீட்டுக்கு வர்ற நாளே கிடையாது, நின்னு பாருங்க" என்று அப்பா சொல்லியிருந்தார். நீ ஏமாற்றவில்லை.

மழை வந்தால் அப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவாரே, டீக்கடைக்குப் போகிறார் என்று நீ திட்டுவாயே, எல்லாம் அந்தக் கூரைக்குத்தான். உன் இடம் பறிபோகாமல் இருக்க. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "தன் கையால வந்தோம்னு நினைக்கிறவதான் நிமிர்ந்து அடிப்பா. அந்த நினைப்பு அவளுக்கு இருக்கட்டும்" என்றார்.

நீ அந்தக் காட்சியைப் பற்றி எழுதியபோது நான் பேச்சை மாற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டு. அவரைத் திட்டாதே.

அன்புடன்,
அக்கா

மே 22

என் அருமை வாண்டுக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைக்குப் போனும் வரவில்லை. கிளினிக்குக்கு வரும் தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அப்பா தினமும், "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார். நேற்று, "சின்னவளைக் கீழ இறக்கிட்டோமோ?" என்றார். 

மாஸ்டர் சொன்ன ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நீ அந்தத் தடியனை அடித்த அன்று ராத்திரி, நீ தூங்கின பிறகு மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். "இனிமே கூரை ஒழுகினாலும் சரி, இடிஞ்சே விழுந்தாலும் சரி, அந்தப் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அப்பாதான் அதை நம்பவில்லை.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும்,

வாண்டு நலம். இப்போதுதான் நலம்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். ரிங்கில் அடி வாங்கி விழுந்தால் பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணுவார், எழுந்துவிடலாம். இதற்கு எண்ண ஆளில்லை, அதனால் எழ நாளாகிவிட்டது. எனக்குக் கோபம்தான். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரு நாள், அதற்குள்ளும் நீங்கள் இருவரும் தகரம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்!

உன் இரண்டாவது கடிதம் வந்தது. மாஸ்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு எடுத்து வைத்திருந்த அந்தத் தெருக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தேன். குத்து என்னுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குத்தைப் பார்க்க ஒரு ஆளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார் அப்பா. எத்தனை பெண்கள் என்னைப் போலவே அடித்தார்களோ, அவர்களைப் பார்க்க வாசலில் யாரும் நிற்கவில்லை. அன்று குளித்துவிட்டு, இத்தனை நாள் விட்டிருந்த ஓட்டப் பயிற்சிக்குப் போனேன்.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏன் மேடம் இதை முதல்லயே சொல்லல?" என்றார். "எனக்கே இப்பத்தான் சார் தெரியும்" என்றேன். ஒழுகல் காட்சி போய்விட்டது. அப்பா அடைத்த அதே கூரையின் கீழ், கொட்டுகிற மழையில், நாம் இருவரும் நனையாமல் தூங்குகிறோம். அப்பா கோணியைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறார். கூடத்துக் கூரையில் ஏறி ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்க்கிறார். கீழே நான் குத்திக்கொண்டிருக்கிறேன், மேலே ஆள் இருப்பது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் காட்சி. வசனமே இல்லை.

அப்பாவாக நடிப்பவருக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியவில்லை. அதனால் அப்பாவை அனுப்பு. வெறுங்கையோடு வர வேண்டாம்.

அவரிடம் இதையும் சொல்: என்னை யாரும் கீழே இறக்கவில்லை. பேட்டி எடுப்பவர்கள் எல்லாரும், உங்களை யார் கண்டுபிடித்தது என்று கேட்பார்கள். இத்தனை வருஷமாக "என் கை" என்று சொல்லிவந்தேன். இனிமேல் வேறு பதில் வைத்திருக்கிறேன். எங்கப்பா ஒரு கூரை போட்டார், அதற்கு வாங்கின கூலி நான்.

உங்கள்,
வாண்டு

நவம்பர் 20

என் அருமை வாண்டுக்கு,

நீ படத்தோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

நேற்று படம் பார்த்தோம். அப்பா அந்தத் தார்ச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். நீ பட்டம் ஜெயிக்கிற இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது, நான் மூக்கைச் சிந்திச் சிந்திக் கைக்குட்டை தொப்பலாகிவிட்டது. அப்பா அசையவில்லை. அதற்கு முன்னால், கூரைக் காட்சியில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆணியைத் தகரத்தோட மேட்டுல அடிக்கிறான் பாரு, பள்ளத்துல அடிச்சா ஒழுகும். சொல்லிக் குடுத்ததை மறக்கல" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வாண்டு, அப்பா அழுது நான் பார்த்தது அம்மா போனபோது, அதற்கப்புறம் நேற்றுத்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு எடுத்து வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா கோணியை உதறிக்கொண்டிருக்கிறார். "எங்கப்பா?" என்றேன். "கூடம் வரைக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் வந்தது. "அப்பா, படமே எடுத்து முடிச்சாச்சு. இனிமே அவளை அங்கேயிருந்து யாருப்பா அனுப்பப் போறா?" என்று கேட்டேன்.

"அவளைச் சரி," என்றார் அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே. "இப்ப அங்க கத்துக்கிற புள்ளைங்க இருக்காங்களே."

நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. கூரை ஒழுகவில்லை.

அன்புடன்,
அக்கா